தங்கம் போன பிறகு தங்கவயல்

வயல் என்றால் நமக்கெல்லாம் தெரியும். உழவன் ஏர் பிடிக்கிறான்; விதைக்கிறான்; வானம் கருணை புரிந்தால் விளைகிறது. பொய்த்தால் அடுத்த வருஷத்தை நம்பி மறுபடியும் விதைக்கிறான். எங்கள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிப் பூமி. வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வளைந்த ஜனங்கள் நாங்கள். ஆயினும் நிலம் ஒரு வருஷம் கைவிட்டால் மறு வருஷம் கொடுக்கும் என்ற நம்பிக்கை எங்களை விட்டுப் போனதில்லை.

ஆனால் தென்னிந்தியாவில் இன்னொரு விதமான வயல் இருக்கிறது. அதில் விதைத்தவர் யாருமில்லை. ஒரு முறை அறுத்த இடத்தில் மறுமுறை அறுக்க முடியாது. நூற்றிருபது வருஷகாலம் இரவு பகலாக அறுவடை நடந்தது. 2001-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதியோடு அது நின்றது. அதுதான் கோலார் தங்கவயல்.

பள்ளிக்கூடத்துப் பையனிடம், "கோலார் எதற்குப் பிரசித்தம்?" என்று கேளுங்கள். "தங்கத்துக்கு!" என்று பதில் பளிச்சென்று வரும். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், பாடப் புத்தகத்து விடையை மட்டும் யாரும் மூடவில்லை. அந்தத் தங்கத்தை எடுத்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், தங்கம் போன பிறகு என்ன ஆனார்கள் என்று எந்தப் பையனும் கேட்பதில்லை. எந்தப் பரீட்சையிலும் அந்தக் கேள்வி வருவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். ஆகையால் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு விசேஷ உரிமையும் கடமையும் உண்டு.

வேல்ஸ் தேசத்துப் பள்ளத்தாக்குகள்

சுரங்கத்தால் பிறந்து, சுரங்கம் மூடியதும் திகைத்து நின்ற ஊர்கள் உலகத்தில் பல உண்டு. அவற்றுள் மிகவும் பெயர் பெற்றவை வேல்ஸ் நாட்டின் தெற்குப் பகுதியிலுள்ள பள்ளத்தாக்குகள். குறுகலான மலையிடுக்குகள், அடியில் ஓர் ஆறு, சரிவுகளில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், ஊருக்கு நடுவே கரிச் சுரங்கம். 1913-ம் வருஷத்தில் அங்கே இரண்டு லட்சத்து முப்பதினாயிரம் பேர் சுரங்கங்களில் வேலை செய்து, ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் நிலக்கரியை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கரியால் உலகத்துக் கப்பல்கள் ஓடின. அதே வருஷம் அக்டோபர் 14-ந் தேதி செங்கெனித் என்ற ஊரில் சுரங்கத்துக்குள் வாயு வெடித்து 439 தொழிலாளிகள் மாண்டார்கள்.

அந்த ஏழை ஜனங்கள் துன்பத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளவில்லை. கூலியிலிருந்து காசு காசாகச் சேர்த்துப் புத்தகசாலைகள் கட்டினார்கள். பாட்டுக் கோஷ்டிகள் அமைத்தார்கள். ட்ரெடீகர் என்ற ஊரில் தொழிலாளிகள் வாரந்தோறும் சந்தா கட்டி வைத்தியர்களையும் ஆஸ்பத்திரியையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய அனூரின் பெவன் பிற்காலத்தில் பிரிட்டிஷ் மந்திரியானார். 1948-ல் அவர் தேசம் முழுவதற்கும் இலவச வைத்தியத்தை ஏற்படுத்தியபோது, மனத்தில் முன்மாதிரியாக நின்றது தம் சொந்த ஊர் ஏற்பாடுதான்.

பிறகு கரியின் காலம் போயிற்று. 1984-85-ல் ஒரு வருஷ காலம் நடந்த பெரிய வேலை நிறுத்தம் தோற்றது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரோந்தா பள்ளத்தாக்கின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் காலையில் ரயிலேறி கார்டிப் நகரத்துக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

இதை வாசிக்கிறபோது தங்கவயலை அறிந்தவர்களுக்கு ஒரு திடுக்கிடல் உண்டாகும். கரி என்ற இடத்தில் தங்கம் என்றும், கார்டிப் என்ற இடத்தில் பெங்களூர் என்றும் மாற்றினால் கதை நம் வீட்டுக் கதையாகிவிடுகிறது. ஆனால் முடிவில் ஒரு வித்தியாசம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் தங்கவயலின் கதையை ஆதியிலிருந்து பார்த்து விடுவோம்.

மண்ணைக் கழுவிய குடியானவர்கள்

பெங்களூருக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கும் ஆந்திர எல்லைக்கும் அருகே இருக்கிறது இந்தப் பிரதேசம். பங்காருப்பேட்டை ஜங்ஷனில் சென்னை – பெங்களூர் ரயிலை விட்டு இறங்கி, பத்து மைல் நீளமுள்ள கிளைப் பாதையில் போனால் கடைசி நிலையம் மாரிகுப்பம்.

1802-ம் வருஷத்தில் ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை லெப்டினெண்டு மைசூர் எல்லையை அளக்க வந்தார். இந்தப் பக்கத்தில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு வெகுமதி தருவதாகச் சொன்னார். கிராமத்து ஜனங்கள் மண்ணை அள்ளி வந்து அவர் கண்ணெதிரே தண்ணீரில் கழுவினார்கள். மண் கரைந்தோடியதும் தங்கத் துகள் அடியில் நின்றது. உரிகம், மாரிகுப்பம் முதலிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் பழங்காலத்துக் குழிகளும் இருந்தன. ஆகவே, தங்கவயலை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்பது சரியல்ல. அங்கிருந்த குடியானவர்கள் அவருக்குக் காட்டிக் கொடுத்தார்கள் என்பதே சரி.

வாரனின் குறிப்பு பல வருஷம் தூங்கிற்று. பிறகு நியூஜிலாந்து யுத்தத்தில் சேவை செய்துவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர் அதைப் படித்தார். 1873-ல் மைசூர் சர்க்காருக்கு விண்ணப்பம் போட்டு, 1875-ல் குத்தகை பெற்றார். ஆனால் அவரிடம் ஆசை இருந்த அளவுக்குப் பணம் இல்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தார்கள். அவர்களுக்கும் ஆரம்பத்தில் கையிலிருந்த முதல் கரைந்ததேயன்றித் தங்கம் அகப்படவில்லை. கைவிடப் போகும் தறுவாயில், பாறையினூடே பூமியின் வயிற்றுக்குள் இறங்கிச் செல்லும் வெண்கல் நரம்பு ஒன்று கிடைத்தது. அதற்குச் 'சாம்பியன்' என்று பெயரிட்டார்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாகத் தோன்றின.

பாலாற்றின் ஓரமாக வந்தவர்கள்

சுரங்கத்துக்கு யந்திரம் லண்டனிலிருந்து வந்தது. யந்திரத்தை ஓட்டவும் மேற்பார்வை பார்க்கவும் கார்ன்வாலின் தகரச் சுரங்கங்களிலிருந்து அனுபவசாலிகள் வந்தார்கள். பாறையைத் துளைக்கும் கைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும், சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்தும் வந்தன.

பேதமங்கலம் ஏரியை நிரப்பிவிட்டுப் பாலாறு கிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஓடுகிறது. தண்ணீர் கிழக்கே போயிற்று. ஜனங்கள் அதே வழியில் மேற்கே ஏறி வந்தார்கள். பஞ்சம் சிலரைத் துரத்தியது. கடன் சிலரைத் துரத்தியது. அநேகரை இவை இரண்டையும்விடக் கொடிய ஒன்று துரத்தியது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதி திராவிட மக்கள். சொந்த ஊரில் சேரிக்கு வெளியே நிமிர்ந்து நடக்க முடியாதவர்கள். பண்ணையாரிடம் பரம்பரையாகக் கட்டுண்டவர்கள். சுரங்கம் கொடியதுதான், ஆனால் மாதம் முடிந்தால் கூலி கையில் வந்தது. சாவு காத்திருந்த இடத்துக்கு மனிதர்கள் விரும்பி வந்தார்களென்றால், விட்டு வந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசைக் குடில்களுக்கு 'லைன்' என்று பெயர். ஒரு சிறு அறையில் ஒரு குடும்பம். சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம். சற்றுத் தூரத்தில் வெள்ளைக்காரரின் பங்களாக்களும், கிளப்பும், பந்தாடும் புல்வெளியும். 'குட்டி இங்கிலாந்து' என்று அதற்குச் செல்லப் பெயர். அந்த இங்கிலாந்தை லைன்களில் வாழ்ந்தவர்கள் வேலியின் வெளிப்புறத்திலிருந்தே பார்த்தார்கள்.

பத்தாயிரம் அடி ஆழத்தில்

காலத்தை அங்கே அளந்தது சங்கு. சங்கு ஊதினால் ஒரு பகுதி ஆட்கள் இறங்குவார்கள். மறுபடி ஊதினால் ஏறுவார்கள். கூண்டு ஒன்றில் நெருக்கி நிறுத்தி, கம்பிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம் சென்றது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. குற்றாலத்து மலை உச்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து இறக்கினாலும் அந்த அடிமட்டத்தைத் தொட முடியாது.

ஆழம் போகப் போகக் குளிரும் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. அடிமட்டத்தில் பாறையின் உஷ்ணம் அறுபது டிகிரி செல்ஷியஸுக்கு மேல். யந்திரத்தால் குளிர்காற்றை ஊதினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும். அந்த வெக்கையில் பாறையைத் துளைத்து, துவாரத்தில் வெடிமருந்தை அடைத்து, வெடித்து, சிதறிய கல்லை அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். மேலே வந்த கல்லை உலக்கை யந்திரங்கள் இடித்து மாவாக்கும். அந்த மாவிலிருந்து பாதரசத்தைக் கொண்டும், பிறகு சயனைடு கரைசலைக் கொண்டும் தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். எஞ்சிய சாம்பல் நிற மணலைக் குழாய் வழியாக வெளியே கொட்டுவார்கள்.

அங்கே மரணம் இரண்டு வேஷத்தில் வந்தது. ஒன்று, பாறை வெடிப்பு. உள்ளே வெட்டி வெட்டிக் காலி செய்த இடத்தின் மேல் இரண்டு மைல் உயரக் கல்லின் பாரம் அழுத்துகிறது. தாங்க முடியாத கணத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறுகிறது. அந்த அதிர்ச்சியில் மேலே ஊரிலிருக்கும் வீடுகள் குலுங்கும். குலுங்கியதும் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். மற்றொன்று, தூசி. கல் தூசி சுவாசப் பையில் படிந்து படிந்து 'சிலிகோசிஸ்' என்னும் வியாதியாகிறது. பாறை வெடிப்பு ஒரு நொடியில் கொல்லும். இது பத்து வருஷம் இருமவைத்துக் கொல்லும். முதலாவதைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும். இரண்டாவது, வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிடும்.

இவ்வளவும் பட்டு மேலே ஏறி வருகிறவனைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். மலை மலையாகத் தங்கக் கல்லைத் தோண்டியவன் ஒரு குந்துமணித் தங்கத்தைக் கொண்டு போய்விடக் கூடாதல்லவா!

வெளிச்சம் யாருக்கு?

1902-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஓர் அதிசயம் நடந்தது. காவேரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழும் இடத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து, 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகத்திலேயே மிக நீண்ட மின்சாரப் பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துத் தெருக்களில் மின்சார விளக்கு எரிந்தது 1905-ல்தான். தலைநகரத்துக்கு மூன்று வருஷம் முன்னதாகத் தங்கவயலுக்கு வெளிச்சம் வந்துவிட்டது!

ஆனால் காவேரியை அவ்வளவு தூரம் இழுத்து வந்தது யந்திரங்களுக்காக. மனிதர்கள் இருந்த லைன்களில் அதற்குப் பின்னும் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான். சமஸ்தானத்துக்கு ராஜபாகம் கிடைத்தது. லண்டனிலிருந்த பங்குதாரர்களுக்கு லாபம் போயிற்று. இந்தியாவின் செல்வம் கடல் கடந்து வடிந்தோடுகிறது என்று தாதாபாய் நௌரோஜி புள்ளி விவரங்களோடு எடுத்துக் காட்டினார் அல்லவா? புள்ளி விவரம் புரியாதவர்களுக்குத் தங்கவயலைக் காட்டினால் போதும். நூற்றிருபது வருஷத்தில் அங்கிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். அதில் பெரும் பகுதி தேசம் சுதந்திரம் அடைவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

லைன்களில் பிறந்த புது வாழ்வு

வேல்ஸ் தொழிலாளிகள் புத்தகசாலை கட்டினார்கள் என்று பார்த்தோம். தங்கவயல் தொழிலாளிகளும் சளைத்தவர்களல்லர். பண்டித அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. பகலெல்லாம் பாறையோடு மல்லாடியவர்கள் இரவில் கூடித் தர்மோபதேசம் கேட்டார்கள். பத்திரிகையை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். 1907-ல் பண்டிதர் சென்னையில் ஆரம்பித்த 'தமிழன்' பத்திரிகை, அவர் 1914-ல் காலமாகிச் சில வருஷங்களுக்குப் பின் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. சொந்தக் கிராமத்தில் எழுத்தறிவதே குற்றமாகக் கருதப்பட்டவர்கள், சுரங்க வாயிலில் பத்திரிகை நடத்தினார்கள்! தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

படித்தவன் தலை நிமிர்வான். 1930-ல், தொழிலாளிகள் ஒவ்வொருவரும் கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனியார் உத்தரவு போட்டபோது, "நாங்கள் குற்றவாளிகளா?" என்று கேட்டு வயல் முழுவதும் வேலையை நிறுத்தியது. 1946-ல் மறுபடியும் கிளர்ச்சி மூண்டது. அவ்வருஷம் நவம்பரில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் ஆறு தொழிலாளிகள் உயிர் நீத்தார்கள். தேசம் விடுதலை பெற இன்னும் ஒன்பது மாதமே இருந்தது. அவர்களைத் தங்கவயல் மறக்கவில்லை.

இப்படியாக, பல ஊர்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம் இரண்டு தலைமுறைக்குள் ஒரே ஊராயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து புழங்கிய ஊர்; மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் மசூதியும் புத்த விஹாரமும் அருகருகே எழுந்த ஊர்; ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து பார்க்கத் திரண்ட ஊர். பூமிக்கடியில் இருட்டில், பக்கத்தில் நிற்கிறவனின் ஜாதி என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தலைக்கு மேல் கல் அசைந்தால், கையைப் பிடித்து இழுக்கிறவனே சொந்தக்காரன். இந்தப் பாடத்தை நம் நாட்டில் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் இவ்வளவு நன்றாகப் போதித்ததில்லை என்று, பள்ளிக்கூடத்து வாத்தியாராகிய நானே சொல்கிறேன்.

சங்கு நின்றது

1956-ல் மைசூர் ராஜ்ய சர்க்கார் சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கினார்கள். 1962-ல் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டார்கள். 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறைக் கம்பெனி ஏற்பட்டது. உரிமை நம் கைக்கு வந்தபோது நரம்பிலிருந்த தங்கம் மெலிந்துவிட்டது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்குப் பல பத்துக் கிராம் தங்கம் கிடைத்த இடத்தில், கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராமே கிடைத்தது. ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. எடுத்த தங்கத்தையும் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்க வெகுகாலம் அனுமதியில்லை; அதைவிடக் குறைந்த சர்வதேச விலைக்குச் சர்க்காரிடமே கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி நஷ்டக் கணக்கு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது.

இடையில் ஒரு பெருமையும் உண்டு. ஆயிரக்கணக்கான அடிப் பாறை மேலே கவிந்திருக்கும் இடத்தில், வானத்திலிருந்து வரும் மற்றக் கதிர்கள் நுழைய முடியாது. எதையும் ஊடுருவிச் செல்லும் 'நியூட்ரினோ' என்ற நுண்துகளைப் பிடித்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் ஏது? 1965-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைத் தங்கவயலின் ஆழத்தில் கண்டார்கள். உலகத்தில் முதன் முதலாக அவற்றைக் கண்ட இடங்களுள் தங்கவயல் ஒன்று. அந்தச் சோதனைகளும் 1990-களின் தொடக்கத்தில் நின்றுபோயின.

2001-ம் வருஷம் பிப்ரவரி 28. எஞ்சியிருந்த சில ஆயிரம் தொழிலாளிகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். வழக்குகள் வருஷக் கணக்கில் நடந்தன. உள்ளே நீர் இறைக்கும் யந்திரங்களை நிறுத்தியதும், மூன்று தலைமுறை வெட்டிய குகைகளில் தண்ணீர் மெள்ள மெள்ள ஏறிற்று.

இப்போது காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்தான் சங்கின் ஸ்தானத்தில் நிற்கிறது. விடியுமுன்பே ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அதில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். காவற்காரராக, கட்டட வேலைக்காரராக, கடைச் சிப்பந்தியாக, கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தராக உழைத்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். தாத்தா இரண்டு மைல் கீழே போய் வந்தார். பேரன் அறுபது மைல் மேற்கே போய் வருகிறான். பகற்பொழுது இருவருக்கும் வீட்டில் இல்லை.

சாம்பல் நிற மலைகள்

ஊரைச் சுற்றி நிற்கின்றன 'சயனைடு மலைகள்'. தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய மணல்தான் இப்படி மலையாகக் குவிந்திருக்கிறது, கோடிக்கணக்கான டன். புல் முளைப்பது அரிது. காற்றடிக்கும் காலத்தில் நுண்ணிய தூசி லைன்களின் கூரைமேலும், சோற்றுப் பானைமேலும், குழந்தைகளின் கண்களிலும் வந்து படிகிறது. மழை பெய்தால் கரைந்து ஓடைகளில் இறங்குகிறது. சினிமாக்காரர்களுக்கு இந்த மலைகள் விசித்திரமான காட்சி. 2018-லும் 2022-லும் கன்னடத்தில் 'கே.ஜி.எஃப்.' என்ற பெயரில் வந்த படங்கள் தேசமெங்கும் ஓடின. 2024-ல் தமிழில் 'தங்கலான்' வந்தது. கொட்டகையில் கைதட்டிய நாம், அந்தப் பெயரில் இன்னும் ஓர் ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்பதைப் படம் முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

வேல்ஸ் கதைக்கும் நம் கதைக்கும் முடிவில் வித்தியாசம் உண்டு என்று சொன்னேன். அது இந்த மலைகளிடத்தில்தான் தெரிகிறது. அங்கும் சுரங்கக் கழிவை மலைமேல் குவித்து வைத்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21-ந் தேதி அபர்வான் என்ற கிராமத்தில் அந்தக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின்மீது விழுந்தது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். எஞ்சிய குவியல்களை அகற்றச் சொல்லிப் பெற்றோர்கள் போராடினார்கள். அகற்றும் செலவுக்கென்று, அவர்களுக்காக உலகம் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே ஒன்றரை லட்சம் பவுனை எடுத்துக்கொண்டார்கள்! இந்த வெட்கக்கேட்டை அந்த ஜனங்கள் விடவில்லை. முப்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1997-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்னும் கேளுங்கள். 1994-ல் டவர் என்ற சுரங்கத்தை, லாபமில்லை என்று சொல்லி மூடினார்கள். அங்கே வேலை செய்த 239 பேர் தங்களுக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் தலைக்கு எண்ணாயிரம் பவுன் போட்டு அதை விலைக்கு வாங்கி, 1995-லிருந்து 2008 வரையில் தாங்களே நடத்தினார்கள். பிளைனாவன் என்ற ஊரில் மூடிய சுரங்கம் 1983 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. பழைய சுரங்கத் தொழிலாளிகளே வழிகாட்டிகளாகி, வருகிறவர்களைக் கூண்டில் ஏற்றிக் கீழே அழைத்துப் போய், "இங்கேதான் நான் வேலை செய்தேன்" என்று காட்டினார்கள். 2000-ல் அந்தப் பிரதேசம் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாயிற்று.

வேல்ஸில் கஷ்டமே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். வேலையின்மையும் வியாதியும் வறுமையும் அந்தப் பள்ளத்தாக்குகளை இன்னமும் விடவில்லை. ஆனால் அங்கே ஒரு நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு தேசம் ஒரு ஊரை நூறு வருஷம் தோண்டித் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது என்பதே அந்த நியாயம்.

நாம் செய்யக் கூடியது

தங்கவயலார் கேட்பது தங்கத்தையல்ல. அவர்கள் கேட்கக்கூடிய நியாயமானவை மூன்று.

முதலாவது, வீடு. பாட்டன் காலத்திலிருந்து வாழ்ந்த லைன் வீடு கம்பெனியின் சொத்தா, குடியிருப்பவனின் சொத்தா என்ற கேள்வி, சுரங்கம் மூடிய பிறகும் வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. தலைமேல் கல் விழும் இடத்தில் ஆயுளைக் கழித்தவனுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரையாவது சந்தேகமில்லாமல் சொந்தமாக இருக்க வேண்டாமா?

இரண்டாவது, காற்று. சயனைடு மலைகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் புதிய முறைகளால் எடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி கிளம்புகிறது. எடுக்கட்டும், ஆனால் அதற்கு முன்பாக அந்த மணலைப் பிடித்து நிறுத்தும் மரம் செடிகளை நட்டு, தூசியை அடக்கி, ஓடைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். குவியலில் கிடக்கும் தங்கத்தின் மதிப்பைக் கணக்கிடுகிறவர்கள், குழந்தைகளின் சுவாசப் பையின் மதிப்பையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, நினைவு. கூண்டும், சங்கும், உலக்கை யந்திரமும், லைன் வீடு ஒன்றும், 'தமிழன்' பத்திரிகையின் பழைய தாள்களும், நியூட்ரினோவைப் பிடித்த கருவிகளும் ஓரிடத்தில் இருக்குமானால், அது நம் தேசத்துப் பிள்ளைகளுக்கு நூறு பாடப் புத்தகத்துக்குச் சமானம். கீழே இறங்கிய அனுபவமுள்ள முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் வாயால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

கடைசி விஷயத்துக்குச் சர்க்காரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வட ஆற்காட்டு ஊர்கள் பலவற்றில் தங்கவயலுக்குப் போன பெரியப்பாவோ, தாத்தாவோ இல்லாத குடும்பம் அபூர்வம். கோடை விடுமுறையில் பையன்களும் பெண்களும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்கலாம்: எந்த வருஷம் போனீர்கள்? எந்த லைனில் இருந்தீர்கள்? கூலி எவ்வளவு? பக்கத்தில் நின்று கையைப் பிடித்து இழுத்தவர் யார்? அவர் பிழைத்தாரா?

நம் வீடுகளில் தாலியாகவும் தோடாகவும் மின்னும் பழைய பொன்னில் ஒரு பொட்டாவது தங்கவயலிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். அதை எடுத்துக் கொடுத்த கையின் பெயரைத் தெரிந்துகொள்ள ஒரு கோடை விடுமுறையைச் செலவிடலாம், தகும்.